உப்புத் தின்ற படிகள்

முதற்படியின் விளிம்பில் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கணீரென்று கேட்டது. ஒரு சாண் தள்ளித் தட்டினார், அதே கணீர். இன்னொரு சாண் தள்ளியதும் ஒலி அடைத்துப் பொள்ளலாக வந்தது. நீலச் சோக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்தார். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், 1950களில் கட்டிய ஒரு பங்களோ வீட்டின் முன்வாசல் அது. சில படிகள், மேலே திண்ணையளவில் ஒரு தளம். தட்டி முடித்தபோது தளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீலக் கோடுகளுக்குள் கிடந்தது.

"கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது. ஆனா உள்ளுக்கை விட்டுட்டுது," என்றார் என்னிடம். "இதுக்கு மேல நான் எந்தச் சாமானைப் பூசினாலும், இது கழரேக்கை அதுவும் சேர்ந்து கழரும்."

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடித்து இங்கே வந்தவர் இந்த அண்ணை. கொங்கிறீட் வேலையை ஒரு போர்த்துக்கேய மேசனிடம் கற்றார். ஓய்வுபெற்றுவிட்ட அந்த மேசன், இன்றும் மேற்பூச்சு வேலை என்றால் தன் மட்டப்பலகையோடு வந்து இறங்குகிறார். மூன்றாமவர் மன்னாரிலிருந்து அண்மையில் வந்த இளைஞர். ஒக்ரோபர் தொடக்கத்தில், வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு காலை, இந்த மூவரோடும் போய் நின்றேன். பழுதான வெளிவாசல் கொங்கிறீட்டுக்கு மேற்பூச்சுப் போடுவதை நெடுநாளாகத் தெருவில் போகும்போது பார்த்திருக்கிறேன். கிட்ட நின்று பார்த்தால்தான் அதில் பூச்சு எவ்வளவு சிறிய பங்கு என்பது தெரிகிறது.

படி தேய்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். கால் பட்டுத் தேய்வது மிகக் குறைவு. கொங்கிறீட்டைத் தின்பது தண்ணீர். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் நுண்துளைகளில் வெற்றிடம் இருக்கும்வரை அந்தப் பெருக்கத்துக்கு ஓர் ஒதுங்குமிடம் உண்டு. துளைகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் ஒதுங்க இடமில்லை, உள்ளிருந்தே வெடிக்கிறது. ஒன்ராறியோவின் தென்பகுதியில் குளிர்காலம் ஒரே பிடியாக உறைந்து கிடப்பதில்லை. பகலில் உருகும், இரவில் உறையும், மறுநாள் மறுபடி உருகும். தொடர்ந்து கிடக்கும் கடுங்குளிரைவிட, பூச்சியப் பாகையை இப்படி அடிக்கடி ஏறி இறங்குவதுதான் கொங்கிறீட்டுக்குக் கூடிய கேடு.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1930களில் அமெரிக்காவில் சில வீதித் துண்டுகள் மட்டும் பனிக்கு அசையாமல் நின்றன. காரணம் தேடியபோது, அந்தச் சீமெந்தை அரைத்த ஆலைகள் அரைப்பு இலகுவாகட்டும் என்று மாட்டுக் கொழுப்பு போன்றவற்றைச் சேர்த்திருந்தது தெரியவந்தது. அந்தக் கொழுப்பு கொங்கிறீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீருக்கு அந்தக் குமிழிகளே ஒதுங்குமிடம். பின்னர் டி. சி. பவர்ஸ் என்ற ஆய்வாளர், குமிழிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார். எந்த இடத்திலிருந்தும் 0.2 மில்லிமீற்றருக்குள் ஒரு குமிழி இருக்கவேண்டும் என்பது இன்றும் பொது அளவு. கனடாவின் சிஎஸ்ஏ ஏ23.1 தரம், பனியும் உப்பும் படுகிற படிக்கும் நடைபாதைக்கும் சி-2 என்ற வகுப்பை வைத்திருக்கிறது. 28 நாளில் 32 மெகாபாஸ்கல் வலிமை வரவேண்டும். சீமெந்தின் எடையில் 0.45 பங்குக்கு மேல் நீர் சேரக்கூடாது. 20 மில்லிமீற்றர் சல்லி போட்ட கலவையில் 5 முதல் 8 சதவீதம் காற்று நிற்கவேண்டும்.

இந்தக் காற்றைச் சாந்தகப்பை பிடித்த கை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். போட்ட கொங்கிறீட்டின் மேல் சிறிது நேரத்தில் நீர் கசிந்து நிற்கும். அது போகுமுன் தேய்த்தால் அந்த நீர் மேற்பரப்போடு கலந்து, மேல் சில மில்லிமீற்றர் மட்டும் பலவீனமாகிவிடும். வழுவழுப்பு வரவேண்டும் என்று உருக்குச் சாந்தகப்பையால் இழுத்து இழுத்துத் தேய்த்தால் மேற்பரப்பின் குமிழிகள் நசிந்துபோகும். "வழுவழு என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு நான் வேலை செய்யிறதில்லை," என்று போர்த்துக்கேயப் பெரியவர் சொன்னார். அவருடைய பலகை மக்னீசியத்தால் ஆனது. இலேசானது, மேற்பரப்பை அடைத்து மூடாமல் மட்டப்படுத்தும். அதன் பிடி அவருடைய விரல்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

உப்பையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. ஹியூறன் ஏரிக் கரையிலுள்ள கொடரிச் ஊரில் 1866இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு உப்புத்தான் அகப்பட்டது. ஏரிக்கடியில் 500 மீற்றருக்கும் கீழே இன்று இயங்கும் அந்த ஊர்ச் சுரங்கம், நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது. குளிர்காலம் முழுவதும் வீதிகளிலும் வாசல்களிலும் உப்பு கொட்டப்படுகிறது. அது பனியை உருக்கி, உருகிய நீரைக் கொங்கிறீட்டுக்குள் இறக்கி, ஈரத்தை அங்கேயே பிடித்து வைக்கிறது. மிகச் செறிந்த உப்புநீரைவிட, 3 சதவீதமளவு நீர்த்த உப்புநீர்தான் மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிப்பதில் மோசமானது. பனி உருகி வழிந்தோடும் வாசற்படியில் தேங்கி நிற்பது அப்படி நீர்த்த நீரே. இந்த வீட்டில் கூரைநீர்க் குழாயின் வாய் நேரே கடைசிப் படியின் மேல் திறந்திருந்தது. எல்லாவற்றிலும் கடுமையாக உரிந்து, சல்லிக்கற்கள் பல் இளித்துக்கொண்டு நின்ற படி அதுதான்.

உடைப்பு தொடங்கியது. நீலக் கோட்டுக்குள் இருந்ததெல்லாம் சிறு உடைப்பு இயந்திரத்தால் பெயர்க்கப்பட்டது. உடைத்த குழிகளின் ஓரம் சரிவாக மெலிந்து போகாமல் நேர்க்குத்தாக வெட்டப்பட்டது. மெலிந்த ஓரத்தில் போடும் சாந்து முதற்குளிரிலேயே உதிரும். உடையாத இடங்களையும் அப்படியே விடவில்லை. பழைய வர்ணம், எண்ணெய், முன்பு யாரோ பூசிய பளபளப்புப் பூச்சு எல்லாம் போய், தடவினால் கரடுமுரடான உப்புத்தாள் போல் பிடிக்கும்வரை அரைத்தார்கள். புதியது பழையதைப் பற்றிக்கொள்ள வேறு வழியில்லை.

அரைக்கும் சக்கரத்துக்கு நீர்க்குழாய் பூட்டியிருந்தார்கள். இளைஞர் முகக்கவசத்தை ஒருதரம் கழற்றி மூச்சு விட்டபோது, அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் அதை மறுபடி மாட்டும்வரை காத்து நின்றார். கொங்கிறீட் தூசியில் இருப்பது படிகச் சிலிக்கா. சுவாசப்பையில் படிந்தால் தழும்பாகும். அந்தத் தழும்பை மாற்ற மருந்தில்லை. ஒன்ராறியோ விதி, ஒரு கனமீற்றர் காற்றில் சுவாசிக்கக்கூடிய குவாட்சு வகைச் சிலிக்காத் தூசிக்கு 0.10 மில்லிகிராம் என்று எல்லை போட்டிருக்கிறது. நீரில்லாமல் அரைத்தால் அந்த எல்லை சில நிமிடங்களில் உடைந்துபோகலாம். ஈரச் சீமெந்தும் லேசுப்பட்டதல்ல. அது கடும் காரம். முழங்கால் நனைய மணிக்கணக்கில் மண்டியிட்டால் தோல் வெந்துவிடும். வெந்தது பல நேரம் மாலையில்தான் வலிக்கத் தொடங்கும். பெரியவரின் இரு முழங்காலிலும் அந்தத் தழும்புகள் உண்டு. அவர் வந்த காலத்தில் முழங்கால் பட்டை யாரும் தருவதில்லை என்றார்.

ரொறன்ரோவின் கொங்கிறீட்டைப் போட்டவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்து இறங்கியவர்களே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியர், அவர்களைத் தொடர்ந்து போர்த்துக்கேயர், பின்னர் எல்லா நாட்டவரும். 1960 மார்ச் 17 அன்று, ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில், நீர்க்குழாய் பதிக்கும் சுரங்கத்தில் தீப்பிடித்து 5 இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்த மாகாணத்தின் தொழிற்பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. அந்தக் கதையை இளைஞருக்குச் சொன்னவர் பெரியவர். முகக்கவசம் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னாராம்.

மதியம் தளம் முழுவதையும் உயரழுத்த நீரால் கழுவினார்கள். பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கார அம்மா யன்னலால் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார், மூன்றாம் தரம் தேநீரோடு வந்து, "ஏன் தம்பி சும்மா நிக்கிறியள்?" என்று கேட்டார்.

"தண்ணி வத்தவேணும் அம்மா. முழுக்க வத்தவும் கூடாது."

தளம் காய்ந்திருந்தால் பூச்சின் நீரை உறிஞ்சிவிடும்; சீமெந்து இறுக நீர் போதாது. நீர் தேங்கி நின்றால் பூச்சு ஒட்டாது. உள்ளே ஈரம் நிறைந்து, மேலே மினுக்கம் மறைந்த நிலை வரவேண்டும். பெரியவர் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். இந்தக் காத்திருப்புக்கு விலைச்சீட்டில் ஒரு வரியும் இல்லை. இதே வேலையைப் பாதி விலைக்குச் செய்கிறேன் என்று வருபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் உடைப்பையும், அரைப்பையும், இந்த நேரத்தையும்தான். பூசிய அன்று இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வித்தியாசம் தெரிய ஒரு வசந்தம் வரவேண்டும்; அதற்குள் மலிவாகச் செய்தவர் வேறெங்கோ போயிருப்பார். நேர்மையாகச் செய்பவர் விலையில் தோற்கிறார், அதே நேர்மைக்காகவே. இது எனக்கு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதம் வந்ததும் மூவரும் வேகமானார்கள். பொலிமர் சேர்ந்த சீமெந்துக் கலவையை வாளியில் அளந்த நீரோடு சேர்த்து, துளைக்கருவியில் துடுப்புப் பூட்டி மெதுவான வேகத்தில் அடித்தார் இளைஞர். இளகலாக வேண்டும் என்று ஒரு கோப்பை நீர் கூட ஊற்றினாலும் வலிமை போய்விடும். கலந்த சாமான் கையில் நிற்பது அரை மணிக்குள். முதலில் ஒரு மெல்லிய படையைத் தடித்த தூரிகையால் அழுத்தித் தேய்த்து, பழைய கொங்கிறீட்டின் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஏற்றினார்கள்.  ஆழக் குழிகளை அன்று காலையே, உடைப்பு முடிந்த கையோடு, விரைவில் இறுகும் சாந்தால் நிரப்பியிருந்தார்கள். தேய்த்த படை காயுமுன் மேற்படை விழுந்தது. தளத்தின் நடுவே பழைய பிரிகோடு ஒன்று இருந்தது. அதன்மேல் நுரைப் பட்டை வைத்து, புதிய பூச்சிலும் அதே இடத்தில் கோட்டை விட்டார்கள். மூடினால் கீழிருக்கும் அசைவு தனக்கு வேண்டிய இடத்தில் வெடிப்பைப் போட்டுக்கொள்ளும்.

பெரியவர் மட்டப்பலகையை இரண்டு முறைதான் ஓட்டினார். பிறகு தும்புத்தடியை ஒரே இழுப்பில், படிக்குக் குறுக்காக இழுத்தார். பனி ஈரத்தில் கால் வழுக்காதிருக்க அந்த மெல்லிய வரிகள் வேண்டும். ஓர் இழுப்பு நடுவில் நின்றால் தடம் விழும். ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே இழுத்தார்.

"முதல் குளிருக்கு உப்புப் போடாதேங்கோ அம்மா. மண் போடுங்கோ. அந்தக் குழாயை நாளைக்கு நானே வந்து மற்றப் பக்கம் திருப்பி விடுறன்," என்றார் அண்ணை.

பக்கத்து வீட்டுச் சீன முதியவர் அதுவரை வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாகனக் கொட்டகை வாசலையும் அடுத்த கிழமை செய்து தரமுடியுமா என்று கேட்டார். அண்ணை போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தொலைபேசியில் வானிலையையும் பார்த்தார். அடுத்த கிழமை இரவுகள் 2 பாகைக்கு இறங்கும் என்றிருந்தது. 24 மணி நேரத்துக்குள் 5 பாகைக்குக் கீழே போகும் சாத்தியம் இருந்தாலே குளிர்கால ஏற்பாடு வேண்டும் என்பது சிஎஸ்ஏ தரத்தின் விதி. மெல்லிய பூச்சுக்கு நிலம் இன்னும் சூடாக இருக்கவேண்டும். கூடாரம் அடித்துச் சூடேற்றினால் செய்யலாம், ஆனால் அந்தச் செலவு இந்த வாசலுக்குப் பொருந்தாது என்று முதியவரிடம் நேரே சொன்னார். வேறொருவர் இந்தக் கிழமையே செய்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் முதியவர். அது உங்கள் விருப்பம், நான் மே மாதம் வருகிறேன் என்று சொல்லி அண்ணை இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு கொட்டகை வாசலில் குனிந்து, விரிசலுக்குள் நீர் இறங்காமல் இந்தக் குளிருக்கு மட்டும் எதை நிரப்பி அடைத்து வைக்கலாம் என்று அவருக்குக் காட்டத் தொடங்கினார்.