பரந்தனில் ஒரு யன்னல்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் நோக்கிப் போகும்போது கிளிநொச்சியைத் தாண்டினால் பரந்தன் சந்தி வரும். முல்லைத்தீவு வீதி அங்கேதான் கிழக்கே பிரிகிறது. கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலைதான் முன்பு இந்த ஊரின் அடையாளம். 2008 கடைசியில் பொதிகளோடு கிழக்கே போன சனத்தில் நாங்களும் இருந்தோம்.

இம்முறை போனது தங்கச்சி வீடு கட்டுவதைப் பார்க்க. அவளுக்குத் துணைவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சுவர் இரண்டடி எழும்பியதும் மேசனோடு யன்னலால் பிரச்சினை.

"அக்கா, படுக்கையறைக்கு ஆறடியில சின்ன யன்னல் போதும். ஆரும் எட்டிப் பார்க்கக் கூடாது" என்றாள்.

"பிறகு வேர்த்துக் கிடப்பியள் அம்மா" என்றார் மேசன்.

எனக்கு அவள் சொன்னதைத் தட்டிவிட மனம் வரவில்லை. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் உடுப்பு மாற்ற மறைவில்லாமல் இருந்தவள், பிறகு தகரக் கொட்டிலில் ரோச் வெளிச்சம் பட்டாலே எழும்பி இருந்தவள்.

ஆனால் பக்கத்து வளவு அக்கா அப்படித்தான் கட்டினவர். 2012 இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாக வந்தது. பலருக்குப் போலவே அவருக்கும் யன்னலுக்கு வரும்போது காசு முடிந்துவிட்டது. பயமும் சேர, உயரத்தில் இரண்டு ஓட்டை மட்டும் விட்டார். ஆவணி வெயிலில் அந்த அறை அடுப்பு. அதைவிடப் பெரிய கரைச்சல், இரவில் நாய் குரைத்தால் வெளியே யாரென்று பார்க்க அவர் கதவைத் திறக்க வேண்டும்! இதைக் கேட்டபிறகே தங்கச்சி யோசித்தாள்.

மேசன் அளவு நாடாவை எடுத்தார். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அத்திவாரத்தை இரண்டரை அடி உயர்த்தச் சொன்னதே அவர்தான். அறைத் தரையிலிருந்து மூன்றடியில் யன்னல் தொடங்கினால், வெளி நிலத்திலிருந்து அது ஐந்தரை அடி. ஒழுங்கையில் போகிறவருடைய கண் அதற்குக் கீழே. உள்ளே கட்டிலில் இருப்பவளுக்கோ படலை தெரியும். சகோதரிகளே, உயரத்தை உள்ளே மட்டும் அளந்து பயப்படுகிறோம், வெளியேயும் அளந்து பாருங்கள்.

ஒழுங்கை வடக்கே என்பதால் அந்தப் பக்க யன்னலை மூன்றடியில் வைத்தோம். தெற்கே வேலியடைத்த பின்வளவு. அங்கே இரண்டடி போதும். பாயில் படுத்தாலும் காற்று உடம்பில் படும். வைகாசியிலிருந்து வீசும் சோளகம் தெற்கால் வந்து வடக்கால் போகும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் வைத்தால் காற்று உள்ளே வராது, போக வழி வேண்டுமே. மேற்குச் சுவரைப் பின்னேர வெயிலுக்காக மூடிவிட்டோம். மாரி மழை வடகிழக்கால் அடிப்பதால் அந்தப் பக்கக் கூரையை இரண்டடி வெளியே இறக்கச் சொன்னேன்.

திரையை யன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் கம்பியில் கோர்த்தால் மறைவும் உண்டு, மேலால் காற்றும் வரும். நுளம்புவலை தனியாக.

அடுத்த நாள் தெற்கு நிலையை நிறுத்தினார்கள். கூரையில்லாத அறைக்குள் சின்னவள் பாயைப் போட்டுப் படுத்தாள்.

"பெரியம்மா, முருங்கை தெரியுது!"

தங்கச்சியும் குனிந்து பார்த்தாள். பிறகு மேசனிடம், "அண்ணை, கம்பியை மட்டும் இன்னும் ரெண்டு கூட்டிப் போடுங்கோ" என்றாள்.