பிள்ளையின் பல் படும் இடம்



உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரத்தொட்டில் ஏதும் கிடக்கிறதா? கிடந்தால் அதன் மேற்சட்டத்தை ஒரு தரம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஹட்டனில் எங்கள் வீட்டுத் தொட்டிலில் நான் கண்டது, வரிசையாகச் சின்னப் பற்களின் தடங்கள். என் இரண்டாவது மகனுடையவை. பல் முளைக்கும் காலத்தில் சட்டத்தைப் பிடித்து நின்றபடி எலி போலக் கொறிப்பான். நாங்கள் பார்த்துச் சிரிப்போம். அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பெயின்ட் போய் வெறும் மரம் தெரிகிறது. மகளின் தலைப்பிரசவத்துக்காகத் தொட்டிலை இறக்கிய அன்றுதான், அந்தப் பெயின்ட் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன்.

அவன் இன்று நலமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்தக் காலத்து எனாமல் பெயின்ட்களில் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் ஈயம் கலந்த பொருள்களைச் சேர்ப்பார்கள். (மலைநாட்டுக்கு ஈயம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டியதே ஈயத்தாள்தான். அலுமினியம் பிறகு வந்தது.) வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடுதல். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

"மேலால ஒரு கோட் அடிச்சாச் சரிதானே உம்மா?" என்றாள் மகள். சரியில்லை. புதுப்பூச்சைக் கொறித்து முடித்தால் அடுத்து வருவது பழையதுதானே! இவரோ சேன்ட் பேப்பரும் கையுமாக வந்து நின்றார். அது அதைவிட மோசம். தேய்த்த தூள் வீடெங்கும் படியும். தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். கர்ப்பிணி அதைச் சுவாசித்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும். விறகாக்கலாம் என்றால் புகையிலும் சாம்பலிலும் ஈயம். கடைசியில் பொலித்தீனால் சுற்றி மீண்டும் பரணுக்கே ஏற்றினோம்.

புதுத்தொட்டிலுக்குத் தேயிலைக்கு நிழலாக நடும் சபுக்கு மரத்தின் பலகை கிடைத்தது. தெரிந்த பாஸ் ஒருவர் உதவ, மருமகனே செய்தார். அந்த மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் அறுக்கும் வேலையெல்லாம் வெளியில்தான்.

இனிப் பூச்சு. ஜன்னலுக்கு அடித்த எனாமல் அரை டின் மிச்சம் இருந்தது. நம் வீடுகளில் எல்லாரும் செய்கிற தவறு இதுதான், சகோதரிகளே. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் இட்ட கட்டளை 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கான பெயின்டில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. எனாமலுக்கு விட்டுக்கொடுத்த எல்லையோ 600. ஜன்னலைப் பிள்ளை கடிக்காது, தொட்டிலைக் கடிக்கும்.

தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார் என் மாமி. அது எந்தக் காலத்திலும் காயாது; தூசு பிடித்துச் சிக்கு நாறும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் காய்ச்சியது என்று டின்னில் விற்பதில் காய்வதற்காக உலோக உப்புகள் கலப்பதுண்டு. பச்சை எண்ணெயோ எங்கள் ஊர்ப் பனியில் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வெளியில் விரித்துக் காயவிட வேண்டும்.

நாங்கள் தெரிந்தெடுத்தது அரக்கு. அரக்குப்பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின் அது. இனிப்புகளுக்கும் மாத்திரைகளுக்கும் மினுக்கம் கொடுப்பதும் இதுவே. உண்பது பற்றிய சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது கடித்தாலும் நஞ்சாகாத ஒரு பூச்சு. சாயம் கலந்த பொலிஷை விட்டுவிட்டு, அரக்குச் செதில்களை வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்தார் மருமகன். ஸ்பிரிட் ஆவியாகி அரக்கு மட்டும் மரத்தில் நிற்கும். ஆனால் அந்த ஸ்பிரிட் குடித்தால் நஞ்சு, நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் மகளை அந்தப் பக்கமே விடவில்லை.

பூசுவதற்குப் பிரஷ் தேவைப்படவில்லை, பழைய பருத்திச் சீலைத்துண்டே போதும். இதில் எனக்கு ஒரு தனி நிம்மதி. பெயின்ட் பிரஷ்கள் பலவற்றில் இருப்பது பன்றிமுடி என்பது நம் பெண்கள் பலருக்குத் தெரியாது. வேறு பூச்சுக்குப் பிரஷ்தான் வேண்டுமென்றால் நைலோன் என்று கேட்டு வாங்குங்கள்.

பனிமூட்டத்தில் பூசினால் அரக்கு வெளுத்துப் பால் நிறமாகிவிடும். மாசி மாதத்து வெயில் நாளாகப் பார்த்து, மெல்லிய பூச்சாக நான்கு தடவை பூசினோம். ஈரம் பட்டால் அரக்கு தாங்காது, ஆகவே மெத்தைக்குக் கீழுள்ள பலகைகளை வெறுமனே விட்டுவிட்டோம். நாற்பது கழியும்வரை பிள்ளை தாயின் பக்கத்தில்தானே! அதுவரை ஜன்னலோரம் நின்ற தொட்டிலை நான் தினமும் முகர்ந்து பார்ப்பேன். நாற்றம் முழுதாகப் போன பிறகுதான் பிள்ளையை அதில் கிடத்தினோம்.

பேரனுக்கு இப்போது எட்டு மாதம். மேற்சட்டத்தில் போன கிழமை முதல் தடம் விழுந்துவிட்டது. சீலைத்துண்டையும் மிச்ச அரக்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். வெயில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.