தெருவுக்கு ஃப்ரீடா பெயர்... கல்லூரிக்குக் கட்டணம் இல்லை!

சான் பிரான்சிஸ்கோ என்றதும் கோல்டன் கேட் பாலமும் பனிமூட்டமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டும் இன்னோர் இடம் நகரின் தெற்கே இருக்கிறது. பால்போவா பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, சற்று நடந்தால் ‘ஃப்ரீடா காலோ வே’. மெக்சிகோ ஓவியரின் பெயரை 2018-ல் இந்தத் தெருவுக்குச் சூட்டினார்கள். அதையொட்டிய மேட்டில் நிற்கிறது சிட்டி காலேஜ்.

1935-ல் தொடங்கியபோது இதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஊரெங்கும் சிதறிக் கிடந்த இடங்களில் வகுப்புகள். மாணவர்கள் டிராம் ஏறி ஏறிப் போய்ப் படித்ததால், ‘டிராம் கல்லூரி’ என்றே கேலிப்பெயர்! 1940-ல்தான் மேட்டில் அறிவியல் கட்டடம் எழுந்தது. ஃப்ரீடாவின் கணவர் தியேகோ ரிவேரா, அதே ஆண்டு கண்காட்சியொன்றில் மக்கள் பார்க்கப் பார்க்க வரைந்த 74 அடி நீளச் சுவரோவியமும் இக்கல்லூரியின் சொத்துதான்.

இது ‘கம்யூனிட்டி காலேஜ்’ வகை. 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம், நுழைவுத்தேர்வு கிடையாது. சமையல்கலை கற்கும் இளைஞரும், ஆங்கிலம் கற்கும் புலம்பெயர்ந்த பாட்டியும் இங்கே மாணவர்கள்தான். இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியும் உண்டு. 1899-ல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. வளைகுடாவைத் தாண்டினால் புகழ்பெற்ற பெர்க்லி. சேர விரும்பும் பல்கலைக்கழகம் எந்தப் பாடங்களை ஏற்கும் என்பதை முதல் பருவத்திலேயே கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் வருடம் வீணாகும்.

இத்தனை பேருக்கு வாழ்வு தந்த கல்லூரிக்கே ஒருமுறை ஆபத்து வந்தது. நிதி, நிர்வாகக் குறைகளைச் சுட்டிக்காட்டிய தர நிர்ணய அமைப்பு, அங்கீகாரத்தை ரத்து செய்யப்போவதாக 2013-ல் அறிவித்தது. அங்கீகாரம் போனால் பட்டத்துக்கு மதிப்பில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் வீதிக்கு வந்தார்கள். நகர நிர்வாகத்தின் வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். 2017 ஜனவரியில் அங்கீகாரம் உறுதியானது. ஆனால், அதற்குள் பல்லாயிரம் மாணவர்கள் விலகிப் போயிருந்தார்கள்.

அவர்களைத் திரும்ப அழைக்க ஊரே கைகொடுத்தது. 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் விற்பனை வரியை உயர்த்த, 2016-ல் மக்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே நகரவாசிகளுக்குக் கல்விக் கட்டணம் ரத்து! வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

சிக்கல்கள் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. 2022-ல் நிதி நெருக்கடியால் ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். வாடகை விழிபிதுங்க வைக்கும் ஊரில், படிப்பு இலவசமானாலும் வாழ்வது இலவசமில்லை. ஆனாலும், பகலெல்லாம் உழைத்தவர்கள் தோளில் பையோடு மாலை வகுப்புக்காக அந்த மேட்டில் ஏறுகிறார்கள்.

பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள், அந்த மேட்டையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்!