இருவர் பாட்டு

இருவர் சேர்ந்து நடப்பது எளிது. இருவர் சேர்ந்து பாடுவது அரிது. நடையிலே ஒருவர் முந்தினால், மற்றவர் சற்றே விரைந்து அவரை எட்டிவிடலாம். பாட்டிலோ ஒருவர் முந்தினால் பாட்டே கெடும். ஒருவர் குரல் ஓங்கினால் மற்றவர் குரல் மறையும். ஆதலால், இருவர் பாட்டைச் சீர்தூக்குவோர், ‘யார் நன்றாகப் பாடினார்?’ என்று கேட்டல் பொருந்தாது. ‘இருவரும் எவ்வாறு இயைந்தனர்?’ என்றே கேட்டல் வேண்டும். இவ்வுண்மையை நான் நூல்களில் கற்றிருந்தேன். மாணவர்க்குக் கற்பித்தும் இருந்தேன். ஆயினும், அதனை உள்ளத்தால் உணர்ந்தது முதுமையிலேதான்.

ஐரோப்பிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி நடத்தும் பாட்டுப் போட்டி ஒன்று உண்டு. யூரோவிஷன் என்பது அதன் பெயர். 1956-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் லுகானோ நகரில், ஏழு நாடுகளுடன் அது தொடங்கிற்று. கொடுநோய் பரவிய 2020-ஆம் ஆண்டு நீங்கலாக, ஆண்டுதோறும் அது நடைபெற்று வருகின்றது. முதலாண்டில் ஒருவர் தனித்துப் பாடுதற்கே இடம் இருந்தது. அடுத்த ஆண்டில் இருவர் சேர்ந்து பாடவும் இசைவு கிடைத்தது. பாட்டு மூன்று நிமிடத்திற்கு மேல் நீளலாகாது என்பது அப்போட்டியின் விதி.

சில திங்களுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், என் பேத்தி அப்போட்டியின் பழைய பதிவு ஒன்றைக் கணினியில் எனக்குக் காட்டினாள். 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் நடந்த போட்டி அது. இருபத்தைந்து நாடுகள் அதிற் கலந்துகொண்டன. “தாத்தா, நாமும் நடுவராக இருந்து மதிப்பெண் இடுவோம்” என்று கூறி, என் கையில் ஒரு தாளையும் எழுதுகோலையும் தந்தாள். பாட்டுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் உச்ச அளவு என்று வகுத்துக்கொண்டோம்.

மூன்றாவதாக அயர்லாந்தின் பாட்டு வந்தது. மேடையின் அருகே முழு இசைக்குழு ஒன்று அமர்ந்திருந்தது. பிற நாட்டார் அதன் துணைகொண்டு பாடினர். அயர்லாந்துக்காரர் இருவரோ அதனை நாடவில்லை. பால் ஹாரிங்டன் என்பார் பியானோவின்முன் அமர்ந்திருந்தார். சார்லி மெக்கெட்டிகன் என்பார் கிதாரை ஏந்தியிருந்தார். முன்னவர் முப்பதைக் கடந்தவர். பின்னவர் நாற்பதைக் கடந்தவர். ஆடல் இல்லை, ஆரவாரம் இல்லை. இருவர் குரலும் இரு கருவிகளுமே அங்கு ஒலித்தன.

பாட்டு முடிந்தது. ‘இது போட்டிக்குரிய பாட்டா? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடுவது போன்றதன்றோ!’ என்று எண்ணி ஐந்து மதிப்பெண் இட்டேன். பேத்தி பன்னிரண்டு இட்டிருந்தாள். என் தாளை எட்டிப் பார்த்தவள், “தாத்தா, இவர்கள் எந்த இடத்தில் தவறு செய்தார்கள்?” என்று கேட்டாள்.

அவ்வினா என்னைத் திடுக்கிடச் செய்தது. ஏனெனில், அதனை நான் முன்னரே கேட்டதுண்டு. பல ஆண்டுகளுக்குமுன், நான் தமிழாசிரியனாய்ப் பணிபுரிந்த பள்ளியில் நடந்த இசைப் போட்டிக்கு நானே நடுவன். சிறுமியர் இருவர் சுருதிப்பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அடக்கமாகப் பாடினர். வேறு இருவர் உரத்த குரலில், ஒருவரை ஒருவர் விஞ்சும் வகையில் பாடினர். அவையோர் கையொலி எழுப்பினர். நானும் அக்கையொலியில் மயங்கி, பின்னவர்க்கே பரிசு வழங்கினேன். விழா முடிந்தபின், தோற்ற சிறுமியருள் ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, நாங்கள் எங்கே தவறினோம்? சொன்னால் திருத்திக்கொள்கிறோம்” என்று பணிவுடன் கேட்டாள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. “இன்னும் நன்றாகப் பாடுங்கள்” என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர்கள் அதன்பின் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

“அம்மா, அப்பாட்டை மீண்டும் ஒரு முறை போடு” என்றேன். இம்முறை கண்களை மூடிக்கொண்டு கேட்டேன். பிரெண்டன் கிரகாம் என்பார் இயற்றிய பாட்டு அது. ‘ராக் அண்ட் ரோல் கிட்ஸ்’ என்பது அதன் பெயர். இளமையில் இசையும் களிப்புமாய் வாழ்ந்த இருவர், நடுவயதை அடைந்தபின், வாழ்க்கையின் பரபரப்பில் அந்த நெருக்கத்தை இழந்துவிட்டதை நினைத்து வருந்துவதே அதன் பொருள். இத்தகைய நினைவை உரத்த குரலில் பாடலாமோ? பாடினால் பொருள் ஓடி ஒளியும் அன்றோ! பொருள் அடங்கியது, ஆகவே குரலும் அடங்கிற்று. இரு குரலும் கூடும் இடத்தில் ஒன்று மற்றொன்றை அமிழ்த்தவில்லை. பியானோ ஒலிக்கும்போது கிதார் அதற்கு இடம் விட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், இசைக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்று இயைந்து சென்ற செவ்வியை இளங்கோவடிகள் விளக்குவார். அதனை எத்துணை முறை வகுப்பில் நடத்தியிருப்பேன்! ஆயினும், அவ்வியைபு கண்முன் நிகழ்ந்தபோது முதலில் என் செவி அதனை அறியவில்லை.

குறை கூறவேண்டுமாயின் ஒன்று கூறலாம். மெட்டு பெரும்பாலும் ஒரே நிலையில் செல்கின்றது. வியக்கத்தக்க ஏற்றம் யாதும் இல்லை. அதன்பொருட்டு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஐந்தினை அடித்துவிட்டுப் பதினொன்று என எழுதினேன். பேத்தி முழுமனநிறைவு கொள்ளவில்லை. எனினும், காரணத்தைக் கேட்டு, “அது சரிதான், தாத்தா” என்று ஒப்புக்கொண்டாள்.

பின்னர் முடிவினைக் கண்டோம். அயர்லாந்து 226 மதிப்பெண் பெற்று முதலிடம் எய்தியது. இரண்டாமிடம் பெற்ற போலந்துக்குக் கிடைத்தவை 166. அப்போட்டியில் இருநூற்றுக்கு மேல் மதிப்பெண் பெற்ற முதற் பாட்டும் அதுவே. 1992, 1993-ஆம் ஆண்டுகளிலும் வென்றிருந்த அயர்லாந்துக்கு அது தொடர்ந்து மூன்றாம் வெற்றியாயிற்று.

மாணவர்களே! வென்ற பாட்டு என்பதனால் நான் என் மதிப்பெண்ணை மாற்றவில்லை. வெற்றியை அறியுமுன்னரே மாற்றினேன். உங்களுள் பலர் நாளை பிறருடைய திறத்தை அளக்கும் நிலையை அடைவீர்கள். அப்போது கையொலியைக் கொண்டு அளவாதீர்கள். மதிப்பெண்ணைக் குறைக்குமுன், ‘இவர் எங்கே தவறினார்?’ என்று உங்களையே கேளுங்கள். விடை கிடையாதாயின், தவறு உங்களுடையதே. அச்சிறுமிக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடை, “அம்மா, நீங்கள் தவறவில்லை, நானே தவறினேன்” என்பதுதான். அதனைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு மீண்டும் கிட்டவில்லை.