யார் வீட்டுத் தேங்காய்?

திருமயத்தில் என் மாமா வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு சும்மா கிடந்த அறைகள். ஜன்னலைத் திறந்தால் 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை தெரியும். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். "வாடகைக்கு விடலாமே மாமா" என்று ஆரம்பித்து வைத்தது நான்தான். போட்டோ எடுத்து ஒரு தளத்தில் ஏற்றி, ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய் என்று விலை போட்டதும் நான்தான்.

போன பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் சந்தோஷமாகச் சொன்னார்: "நான் கோல்டு மெம்பர் சார். ஆப்புல 300 ரூபா குறைச்சுக் குடுத்துட்டாங்க. ரொம்ப நல்ல ஆப்." மாமா சிரித்தபடி அவர்கள் பையைத் தூக்கிக் காரில் வைத்தார்.

கார் திரும்பியதும் கேட்டார்: "மாப்ள, அந்த 300 ரூபாயைக் குடுத்தது அவங்களா, நானா?"

"நீங்கதான் மாமா."

"நான் எப்ப மாப்ள குடுக்கிறேன்னு சொன்னேன்?"

அவர் சொல்லவில்லை. அவருக்காக நான் சொல்லியிருந்தேன். ஆறு மாதம் முன்னால் ஒருநாள் ஆபீஸ் கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தளத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் விசுவாச உறுப்பினர்களுக்கு 10 சதவீதம் சலுகை கொடுங்கள், தேடலில் மேலே தெரிவீர்கள் என்று. ஒரு பச்சைப் பொத்தான். தட்டிவிட்டு டீயைக் குடித்தேன். நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் எந்த வரியைச் சின்ன எழுத்தில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் படிக்கவில்லை. பணம் என்னுடையது இல்லையே.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 3,000-ல் 10 சதவீதம் போனால் 2,700. அதில் தளத்தின் கமிஷன் 15 சதவீதம், 405 ரூபாய். கையில் வருவது 2,295. அதிலிருந்துதான் படுக்கை விரிப்பு துவைக்க, அறை கூட்டும் அக்காவின் சம்பளம், கரண்ட், காலை இட்லி எல்லாம்.

இந்த விசுவாசத் திட்டங்களின் தாய்வீடு விமானக் கம்பெனிகள். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய ஆட்வான்டேஜ் திட்டம்தான் இன்றுள்ள பலவற்றுக்கும் முன்மாதிரி. அதில் ஒரு நியாயம் இருந்தது. அடிக்கடி பறப்பவனுக்கு அந்தக் கம்பெனி தன்னுடைய சீட்டைக் கொடுத்தது. புக்கிங் தளத்துக்குச் சொந்தமாக ஓர் அறைகூடக் கிடையாது. மாமா இருக்கும் தளம் வேறு. பலருக்கும் தெரிந்த உதாரணம் என்றால் புக்கிங்.காமின் ஜீனியஸ். இரண்டு வருடத்தில் 5 புக்கிங் செய்தால் இரண்டாம் நிலை, 15 செய்தால் மூன்றாம் நிலை. சலுகை 10-லிருந்து 20 சதவீதம் வரை போகும். அந்தத் தள்ளுபடியைச் சுமப்பவர்கள் அதில் சேர்ந்த விடுதிக்காரர்கள். சேருவது கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். புண்ணியம் உடைத்தவன் கணக்கில், நஷ்டம் கடைக்காரன் கணக்கில்.

ஆனால் என்னை உறுத்தியது 300 ரூபாய் அல்ல. விசுவாசம் யாருக்கு என்ற கேள்வி. அந்த பெங்களூர்க்காரர் திருமயத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கோவாவிலும் மணாலியிலும் தூங்கின ராத்திரிகளுக்கு மாமா இங்கே தள்ளுபடி கொடுத்தார். அதே சமயம் திருச்சியிலிருந்து ஒரு வயதான தம்பதி மூன்று தடவை வந்திருக்கிறார்கள். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று ஒவ்வொரு தடவையும் ஓர் இடம். வேறெங்கும் அவர்கள் போவதில்லை, அதனால் ஆப் கணக்கில் அவர்கள் யாருமில்லை. முழு விலை கட்டினார்கள்.

"அப்ப ரூம் விலையை ஏத்திடலாமா?" என்றார் அத்தை. பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். 3,400 என்று போட்டால் கோல்டு மெம்பருக்கு 3,060 ஆகும். பழைய விலையே வந்துவிடும். கூடுதல் 400-ஐக் கட்டப்போவது எப்போதாவது வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் சுற்றுகிற குடும்பம். அடிக்கடி பறப்பவனுக்கு, பறக்காதவன் கொடுக்கும் மொய்.

"நேரா போன் பண்றவங்களுக்குக் குறைச்சுக் குடுத்தா?" என்று மாமா கேட்டார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டதற்கு ஒரு காரணம் இதுதான்: எங்களிடம் தரும் விலையைவிட வேறு தளத்தில் குறைக்கக்கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போட்டிருந்தது. பெரிய ஹோட்டல்களையே கட்டிப்போட முடியுமென்றால் இரண்டு அறை வாத்தியார் எந்த மூலைக்கு?

"ஆப் பண்ணிடவா மாமா?" என்றேன்.

உடனே பதில் வரவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். வருகிறவர்களின் பெயர், தேதி, என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார். பக்கங்களைப் புரட்டினார். நான் பொத்தானைத் தட்டியபிறகு வார நாட்களிலும் ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்குமுன் திங்கள் முதல் வியாழன் வரை வெறும் கோடுகள்.

"வெயில் காலத்துல இருக்கட்டும் மாப்ள. அப்ப யாரு வர்றா? மார்கழி, தையில மட்டும் நிறுத்திடு. ஆனா இனிமே என்னைக் கேட்டுட்டுத் தட்டு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

திருச்சித் தம்பதி மாசியில் நேராக மாமாவுக்கே போன் செய்து வந்தார்களாம். கிளம்பும்போது 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "இது நான் குடுக்கிறது" என்றாராம். அத்தை ஒரு பொட்டலம் தேன்குழலும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

நானும் கோல்டு மெம்பர்தான். போன மாதம் ஏற்காட்டில் ஒரு வீட்டில் தங்கினேன். ஆப்பில்தான் புக் செய்தேன். நீங்கள் 450 ரூபாய் சேமித்தீர்கள் என்று வாழ்த்தியது. கிளம்பும்போது சாவியைக் கொடுத்துவிட்டு, "டிஸ்கவுண்ட் குடுத்ததுக்குத் தேங்க்ஸ்ங்க" என்றேன்.

அந்த வீட்டுக்கார அம்மா புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து சிரித்தார். "இத இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல தம்பி" என்றார்.