'காலிங்' வேறு, 'ரிங்கிங்' வேறு

ரொம்ப நாளாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணத்தையும் அதில் நான் படித்த பாடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. உத்திரமேரூரில் விடாத மழை. இரண்டு மணி இருக்கும். உங்கள் சாருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் கார் ஓட்டும் பழைய மாணவனுக்கு வாட்ஸ்அப்பில் கால் போட்டேன். எப்போதும் அதில்தானே பேசுகிறோம்! 'காலிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. எல்லாரும் போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்று கோபம் வேறு. பத்து நிமிடம் போயிற்று.

சார்தான் மூச்சிரைப்புக்கு நடுவில், "நூத்தியெட்டுக்குப் போடு" என்றார். நம்பரை அழுத்தினேன். உடனே எடுத்தார்கள். அதே மாதிரி சாதாரண காலில் மாணவனுக்கும் போட்டேன். இரண்டாவது மணியிலேயே "சொல்லுங்க டீச்சர்" என்றான். செங்கல்பட்டு வரை ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்தான். சார் இப்போது நலம். "சீக்கிரமா கூட்டிட்டு வந்தீங்க, நல்லது" என்றார் டாக்டர். அந்தப் பத்து நிமிடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தீப்பெட்டியில் நூல் கட்டி டெலிபோன் பாடம் நடத்தியவள் நான். எனக்கே இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சென்னையில் போன் கம்பெனியில் வேலை செய்யும் இன்னொரு மாணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர்களுக்கு ட்ரங்க் கால் நினைவிருக்கும். புக் செய்துவிட்டு போஸ்ட் ஆபீஸில் காத்துக் கிடப்போம். கிடைத்துவிட்டால் மூன்று நிமிடம் அந்தப் பாதை முழுக்க நமக்கே சொந்தம். பேசாமல் அழுதாலும் காசு ஓடும். இன்றைய முறை வேறு. 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் தனித்தனியாக யோசித்த வழி அது. நம் குரலை நொடிக்கு ஐம்பது போலச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் போய்ச்சேர வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். முப்பது குடும்பின் ஓலைகளையும் தனித்தனியாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே வாயோலை பூட்டித்தான் குடத்தில் போட்டார்கள். கலந்தாலும் எது யாருடையது என்று தெரியும். பொட்டலத்துக்கும் அப்படி ஒரு வாயோலை. வழியில் முன்பின்னாக வந்தாலும், எதிர்முனைப் போன் வரிசை எண் பார்த்து அடுக்கிக்கொள்ளும். ரொம்பத் தாமதமாக வருவதைச் சேர்க்காது, விட்டுவிடும். குரல் வெட்டி வெட்டிக் கேட்பது அதனால்தான்.

அப்படியானால் என் கால் ஏன் போகவில்லை? மழையில் வெளியே கேபிள் அறுந்திருக்கிறது. ஆனால் வீட்டு மோடம் இன்வெர்ட்டரில் ஓடியதால் வைஃபை கோடு முழுசாகக் காட்டியது. போன் அதையே நம்பிக்கொண்டிருந்தது. என் பொட்டலம் எங்கள் வாசலைத் தாண்டவே இல்லை. யாரைக் கோபித்துக்கொண்டேனோ அவர்கள் போனில் மணியே அடிக்கவில்லை.

4ஜியில் சாதாரண காலும் இப்போது பொட்டலமாகத்தான் போகிறது. ஆனால் கம்பெனி தன் வலைக்குள் அதற்கு முன்னுரிமை கொடுக்கிறது, ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிற மாதிரி. வாட்ஸ்அப் காலோ மற்ற எல்லாவற்றோடும் நெரிசலில் நிற்க வேண்டியதுதான்.

மூன்று விஷயம் மனதில் வையுங்கள்.

ஒன்று: 'காலிங்' என்றே நின்றால் அவர்கள் போனுக்கு நம் அழைப்பு இன்னும் போய்ச்சேரவில்லை. 'ரிங்கிங்' என்று மாறினால்தான் சேர்ந்தது.

இரண்டு: அப்படி நின்றால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், அல்லது சாதாரண காலில் போடுங்கள்.

மூன்று: 108-க்கும் 112-க்கும் வாட்ஸ்அப்பில் போட முடியாது. நம்பரை அழுத்தித்தான் கூப்பிட வேண்டும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவுக்குப் பச்சை வட்டத்தை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். இந்த வாரம் பேசும்போது, சாதாரண கால் போடுவது எப்படி என்று ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு விடாதீர்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் இதுதான்.

சார் எல்லாரையும் விசாரித்தார்.

அன்புடனும் ஆசீர்வாதத்துடனும்,
உங்கள் டீச்சர்