மெர்டேக்கா கிண்ணத்துக்கு வந்தவர்கள்

உலகக் கிண்ணத்தில் ஆடத் தகுதி பெற வேண்டும். மலேசியாவின் மெர்டேக்கா காற்பந்துக் கிண்ணத்தில் ஆட அழைப்பு வந்தால் போதும். அதனாலேயே அதைச் சின்னப் போட்டி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்ததே அந்த அழைப்புதான். வீட்டு விசேஷத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தின் உறவு, பகை எல்லாம் தெரிந்துவிடும். இந்தக் கிண்ணத்தின் பழைய அணிப் பட்டியலும் அப்படித்தான்.

1957 ஆகஸ்ட் 30 அன்று கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் காலை அங்கேதான் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அடுத்த சில நாள்களில் அதே அரங்கில் காற்பந்து! பிரதமரான துங்குவே காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவர் என்பதால் யாரிடமும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. முதல் கிண்ணத்தை ஹாங்காங் தூக்கிக்கொண்டு போனது. மறு ஆண்டு மலாயா வென்றது.

அப்பா தலைமுறைக்கு இது தோட்டத்து லயத்தில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட போட்டி. 1964 இறுதி ஆட்டத்தில் இந்தியா பர்மாவிடம் ஒரு கோலில் தோற்றதை அவர் நேற்று நடந்ததுபோல் சொல்வார். பர்மா அன்று ஆசியாவின் பெரிய அணிகளில் ஒன்று என்றால் இன்றைய பையன்கள் சிரிக்கிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது 1966. அவ்வாண்டு கிண்ணம் வென்றது தென் வியட்நாம். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, கார்ல் ஹைன்ஸ் வைகாங் என்ற ஜெர்மானியரிடம் பயிற்சி பெற்று வந்த பிள்ளைகள், இறுதியில் அதே பர்மாவை வீழ்த்தினார்கள். ஒன்பது ஆண்டு கழித்து அந்த நாடே இல்லை. வைகாங் பின்னாளில் மலேசிய அணிக்கும் பயிற்றுநரானார்.

ஆண்டுதோறும் இப்படி விருந்தாளிகளோடு மோதித்தான் எங்கள் அணி தேறியது. தற்காப்பில் எம். சந்திரன், கோல் கம்பத்தில் நீண்ட கைகளோடு ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். தோட்டத்துத் திடல்களில் கோல் காத்த பொடியன்கள் எல்லாரும் அப்போது ஆறுமுகம்தான். 1973, 1974, 1976, 1979 என்று கிண்ணம் இங்கேயே தங்கிய காலம் அது.

பிறகு தென்கிழக்காசியாவுக்கென்றே தனிப் போட்டி வந்தது. ஃபிஃபா ஒதுக்கும் நாள்களில் மட்டுமே கிளப்புகள் ஆட்டக்காரர்களை விட்டன. பத்து அணிகளுக்கு மேல் வந்து வாரக்கணக்கில் ஆடியது போய், பல ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. 2023 அக்டோபரில் மீண்டும் நடத்தியபோது நான்கே அணிகள். ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று திட்டம். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய புக்கிட் ஜாலில் அரங்கம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மச்சானோடு போனேன்.

முதல் ஆட்டமே இந்தியாவோடு. மலேசியா 3–2 என்று முன்னணியில் இருந்தபோது இந்தியாவின் சாங்டே அடித்த பந்து கோட்டைத் தாண்டியது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. மலேசியச் சட்டை போட்டிருந்த மச்சானே, “அது கோல்தான்யா!” என்று எழுந்துவிட்டார். நான் இழுத்து உட்கார வைத்தேன். 4–2 என்று முடிந்தது.

நான்காவது அணி பாலஸ்தீனம். அந்த மாதம்தான் காஸாவில் போர் மூண்டது. அவர்களால் வர முடியவில்லை. எதிராளி இல்லாததால் மூன்றாவது அணியான தஜிகிஸ்தான் நேராக இறுதிக்குப் போய், மலேசியாவை 2–0 என்று வென்றது. அரையிறுதி ஆடாதவனுக்குக் கிண்ணமா என்று மச்சான் வழியெல்லாம் பொருமினார். பாலஸ்தீனம் வந்து இறுதியில் நம்மோடு ஆடியிருந்தால் யாருக்குக் கைதட்டியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

“முதல் பாதியில அவங்களுக்கு,” என்றார்.